1999 கேமும் பிந்தி வந்த தமிழும்

ஒரு கேமின் ஆயுள் எவ்வளவு? கொம்பனிகளின் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வந்த மாதம் முழு விலை, ஆறு மாதத்தில் விலைக் கழிவு, இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த பாகம், அதோடு பழையதின் கதை முடிந்தது. இந்தக் கணக்கின்படி பார்த்தால் 1999 செப்டெம்பர் 30 அன்று வெளிவந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2: த ஏஜ் ஒஃப் கிங்ஸ்’ எப்பவோ செத்திருக்க வேண்டும். அதைச் செய்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனமே 2009 ஜனவரியில் இழுத்து மூடப்பட்டுவிட்டது. ஆனால் கேம் சாகவில்லை. இன்றைக்கும் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒன்லைனில் ஆயிரக்கணக்கான பேர் செம்மறி தேடிக்கொண்டு திரிகிறார்கள்.

எங்களில் கனபேர் பிறக்க முதல் வந்த கேம் இது. அதனால் ‘நொஸ்டால்ஜியா’ என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்க எங்களுக்கு வசதி இல்லை. 1999ஐ நாங்கள் காணவில்லை. காணாத ஒன்றை நினைத்து ஏங்கவும் ஏலாது. அப்ப ஏன் இன்னும் இதை விளையாடுகிறோம்?

கம்பஸில் வரலாறு படிக்கிற ஆட்களாக யோசித்துப் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த பதில் இது: ஒரு கேம் பழசாகப் பழசாக அது ஒரு வரலாற்று மூலாதாரமாகவும் மாறுகிறது. அதைச் செய்த காலம் உலகத்தை எப்படிப் பார்த்தது, யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்பதெல்லாம் அதற்குள் பதிந்து கிடக்கிறது. விளையாடிக்கொண்டே அதை வாசிக்கலாம். நேற்று வந்த கேமில் இந்த ருசி இன்னும் ஊறியிருக்காது.

ஒன்றும் கேட்காத கேம்

விளையாடாத ஆட்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். மூன்று வில்லேஜர், ஒரு குதிரைக்காரன், ஒரு டவுன் சென்டர். இவ்வளவோடுதான் தொடங்கும். சுற்றிவர ஒரே கறுப்பு. குதிரைக்காரனை அனுப்பி அந்தக் கறுப்பை விலக்க வேண்டும். செம்மறிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், காட்டுப்பன்றியைச் சீண்டி டவுன் சென்டருக்குக் கிட்ட ஓட்டிக்கொண்டு வர வேண்டும், மரம் தறிக்க வேண்டும். உணவு, மரம், பொன், கல் என்ற நான்கு வளங்களைச் சேர்த்து, இருண்ட காலத்திலிருந்து நிலப்பிரபுக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்று ஏறிப்போக வேண்டும். வரைபடத்தின் இன்னொரு மூலையில் எதிரியும் இதையேதான் செய்துகொண்டிருப்பான்.

இருபது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஆட்கள் இந்த ஆட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிவிட்டார்கள். எத்தனையாவது வில்லேஜரை எங்கே அனுப்புவது, எத்தனையாவது நிமிடத்தில் அடுத்த காலத்துக்கு ஏறுவது என்பதெல்லாம் ‘பில்ட் ஓடர்’ என்று மனப்பாடப் பாட்டுப் போல ஆகிவிட்டது. செஸ் போட்டில் முதல் பத்து நகர்த்தல்களைப் புத்தகத்தில் படிக்கிற மாதிரி. இப்படிப் படிந்துபோன ஒரு ஆட்டத்துக்குள் போய் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்குது.

இப்பத்தைய கனக்க கேம்கள் எங்களை வேலைக்காரர் மாதிரி நடத்துகின்றன. தினமும் வந்து கையெழுத்து வைத்தால் ஒரு பரிசு, வராவிட்டால் சீசன் முடிந்துபோகும், காசு கட்டினால் பெட்டிக்குள் ஏதோ கிடைக்கும். 1999 கேம் யாரையும் காத்துக்கொண்டிருப்பதில்லை. எக்ஸாம் என்று மூன்று மாதம் தொடாமல் விட்டுவிட்டு வந்தாலும் வில்லேஜரின் விலை அதே 50 உணவுதான். நாங்கள் ஒன்றையும் தவறவிட்டிருக்க மாட்டோம். பழைய கேமின் முதல் சுகம் இதுதான் என்று நினைக்கிறோம். அது எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

ஆயிரத்து ஐந்நூறு வில்லாளர்

இரண்டாவது சுகம் எங்கட ஊர்ச் சுகம். 1999இல் இந்தக் கேமுக்குத் தேவைப்பட்டது 166 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் ஒன்றும் 32 எம்பி ரெமும்தான். அதனால் எங்கட வீடுகளுக்குக் கொம்பியூட்டர் வந்தபோது, அது அண்ணாமார் பாவித்து முடித்த மெஷினாக இருந்தாலும், இந்தக் கேம் ஓடியது. கடைகளில் பேனையால் பெயர் எழுதிய சீடியாக வாங்கினோம். பிறகு பென்டிரைவில் கைமாறியது. புதுக் கேம்களுக்கு என்ன கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று பெட்டியில் வாசித்துப் பெருமூச்சு விட்ட காலத்தில், பழைய கேம்தான் எங்களுக்குப் புதுக் கேம்.

இது வெறும் தற்செயல் இல்லை. இந்தக் கேமை அப்படி ஓட வைத்ததற்குப் பின்னால் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. என்செம்பிளில் வேலை செய்த போல் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘28.8இல் 1500 வில்லாளர்’. 28.8 என்பது அந்தக் காலத்து டயல்-அப் மோடத்தின் வேகம். எட்டுப் பேர் சேர்ந்து விளையாடும்போது நூற்றுக்கணக்கான போர்வீரர்கள் திரையில் ஓடுவார்கள். ஒவ்வொருவனும் எங்கே நிற்கிறான், எவ்வளவு உயிர் மிச்சம் என்று எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த மோடம் தாங்காது. அவர்கள் கண்டுபிடித்த வழி என்னவென்றால், வீரர்களின் நிலையை அனுப்பாமல் விளையாடுகிறவர் கொடுத்த கட்டளையை மட்டும் அனுப்புவது. ‘இந்த இருபது பேரும் அந்தப் பாலத்துக்குப் போ’ என்ற ஒரு வரி போகும். மிச்சத்தை எட்டுக் கொம்பியூட்டரும் தனித்தனியே ஒரே மாதிரிக் கணக்குப் போட்டு நடத்தும். எட்டு வீட்டில் எட்டுப் பேர் ஒரே ராகத்தை ஒரே தாளத்தில் பாடுகிற மாதிரி. ஒருவர் தாளம் தப்பினால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ‘அவுட் ஒஃப் சிங்க்’ என்று திரையில் கண்டவர்களுக்கு அந்தக் கடுப்பு விளங்கும்.

டெக்ஸஸ் மாநிலத்து டலஸில் இருந்தவர்கள் மோடத்துக்காகச் செய்த இந்தச் சிக்கனம், பிறகு எங்கட இழுபறிக் கனெக்‌ஷன்களுக்கும் பிரயோசனப்பட்டது. ஒரு கேபிளில் இரண்டு மெஷினைத் தொடுத்து மச்சானும் மச்சானும் அடிபட்டதற்கும் எந்த சேர்வரின் அனுமதியும் தேவைப்படவில்லை.

சீட் கோட்களைச் சொல்லாமல் விட்டால் நட்புக் கெட்டுவிடும். ‘ஹவ் டு யூ டேர்ன் திஸ் ஒன்’ என்று அடித்தால் மத்திய காலத்துக் கோட்டைக்கு முன்னால் துவக்குப் பூட்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும். இங்கிலிஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பஞ்சிப்பட்ட எத்தனையோ பெடியள் இந்த வசனத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதுவார்கள்.

தூக்கி நிறுத்தியது யார்?

இந்தக் கேம் தானாக உயிரோடு இருக்கவில்லை. ஆரம்பத்தில் ஆட்கள் மைக்ரோசொஃப்டின் ‘சோன்’ என்ற தளத்தில் சந்தித்து விளையாடினார்கள். 2006இல் அங்கே இப்படியான கேம்களுக்கான இடம் மூடப்பட்டது. கொம்பனி கதவைச் சாத்தியதும் விளையாடுகிறவர்கள் வேறு திண்ணை தேடிக்கொண்டார்கள். வூப்ளி, கேம்ரேஞ்சர் போன்ற இடங்களில் கூடினார்கள். புது மொனிட்டர்களின் அகலத்துக்குக் கேம் பொருந்தாமல் போனபோது ‘யூசர்பெட்ச்’ என்று விசிறிகளே ஒரு திருத்தம் எழுதினார்கள். சம்பளம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

2012 கடைசியில் விசிறிகள் சிலர் ‘ஃபோகொட்டன் எம்பயர்ஸ்’ என்ற பெயரில் புது நாகரிகங்களோடு ஒரு விரிவாக்கத்தையே வெளியிட்டார்கள். 2013இல் மைக்ரோசொஃப்ட் அந்தக் கேமை எச்டி பதிப்பாக மறுபடி விற்பனைக்கு விட்டது. அதே வருடக் கடைசியில், விசிறிகள் செய்த அந்த விரிவாக்கம் ‘த ஃபோகொட்டன்’ என்று அதிகாரபூர்வமாக வந்தது. மறக்கப்பட்டவர்கள் என்று பெயர். மறக்காதவர்கள் செய்தது. 2019 நவம்பர் 14 அன்று ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ வந்தபோது, அதன் பின்னால் இருந்ததும் விசிறிகளாகத் தொடங்கிய இதே குழுதான்.

இப்போது இதைப் பார்த்து ரசிக்கிறதுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் கோட்டைக்குள்ளேயே ஒரு பெரிய போட்டி நடந்தது. திரையில் கோட்டை, வெளியிலும் கோட்டை. நோர்வேக்காரரான ‘த வைப்பர்’ போன்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தால், ஒரு மனிசன் இரண்டு கையால் இவ்வளவு செய்யலாமா என்று இருக்கும். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பிடித்தது யூடியூபில் டி90 நடத்துகிற ‘லோ ஈலோ லெஜெண்ட்ஸ்’. விளையாடவே தெரியாத ஆட்களின் ஆட்டங்களை எடுத்து, உலகக் கிண்ண ஃபைனல் மாதிரி வர்ணனை செய்வார். எங்களைப் போன்ற ஆட்களுக்கும் ஒரு காவியம் உண்டு என்று அதைப் பார்க்கும்போது தோன்றும்.

1999 பார்த்த உலகம்

வரலாற்றுப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1999இல் கேமில் இருந்த நாகரிகங்கள் 13. பிரித்தானியர், பிராங்குகள், கோத்துகள், டியூட்டன்கள், கெல்ட்டுகள், வைக்கிங்குகள், பைசாந்தியர் என்று ஏழு ஐரோப்பாவுக்கு. பாரசீகர், சரசன்கள், துருக்கியர் என்று மூன்று மேற்காசியாவுக்கு. சீனர், யப்பானியர், மொங்கோலியர் என்று மூன்று ஆசியாவின் மற்ற முனைக்கு. அடுத்த வருடம் வந்த ‘த கொன்கரர்ஸ்’ விரிவாக்கத்தில் அஸ்ரெக், மாயா, ஹூணர், ஸ்பானியர், கொரியர் சேர்ந்தார்கள்.

இந்தப் பட்டியலை உலக வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பாரசீகத்துக்கும் சீனாவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். அந்த ஓட்டைக்குள்தான் நாங்கள் இருந்தோம். சோழர் இல்லை, பாண்டியர் இல்லை, அனுராதபுரம் இல்லை, டெல்லி சுல்தான்கள் இல்லை. 1999 பதிப்பில் யானைப்படை பாரசீகரிடம் மட்டும்தான் இருந்தது. எங்கட யானையை நாங்கள் பாரசீகர் வீட்டில்தான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்காகச் செய்தவர்களைத் திட்டுவதில் எங்களுக்கு ஆர்வமில்லை. வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான புரூஸ் ஷெல்லி, 1991இல் சிட் மையரோடு சேர்ந்து ‘சிவிலைசேஷன்’ கேமைச் செய்தவர். உலக வரலாற்றை விளையாட்டாக்கலாம் என்று நம்பிய ஆட்கள் இவர்கள். கேமின் மெயின் மெனுவில் ‘ஹிஸ்டரி’ என்று ஒரு பட்டனே இருந்தது. அமத்தினால் மத்திய காலம் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள் வரும். ‘மத்திய காலம்’ என்ற சொல் ஐரோப்பிய வரலாற்றிலிருந்து வந்த சொல். ரோம் விழுந்தது அதன் தொடக்கம். அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் தென்னாசியாவில் மணி எத்தனை என்று தெரியாமல் போவது இயல்புதான்.

ஆனால் அந்தக் கேம் ஒரேயடியாக ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தும் விடவில்லை. ஐந்து கதைகளில் ஒன்று சலாவுதீனுடையது. சிலுவைப்போர் வீரர்களை வெளியிலிருந்து வந்த ஆக்கிரமிப்பாளராகப் பார்த்து, 1187 ஹத்தின் போரை சலாவுதீனின் பக்கத்தில் நின்று நாங்கள் நடத்த வேண்டும். கதை சொல்வது அவரிடம் பிடிபட்ட ஒரு ஐரோப்பியன். பிடித்தவரைப் பற்றி அவனுக்கு மெல்ல மெல்ல மரியாதை வருகிறது. பார்பரோசாவின் கதையை மதுக்கடையில் இருந்து ஒரு கிழவர் சொல்லுவார். அவர் பார்பரோசாவுக்குத் துரோகம் செய்த ஹென்றி த லயன்தான் என்று முடிவில் தெரியவரும். கதை சொல்கிறவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கச் சொல்லி எங்களுக்கு முதலாம் வருடத்தில் விரிவுரையாளர்கள் படிப்பித்தார்கள். அந்தக் கேள்வியை ஒரு கேம் எங்களுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தது.

பிந்தி வந்த தமிழ்

இந்தக் கேமில் ஒவ்வொரு நாகரிகத்தவரும் தங்கட பாஷையில் பேசுவார்கள். வில்லேஜரைத் தொட்டால் யப்பானியன் யப்பான் மொழியில் பதில் சொல்வான், துருக்கியன் துருக்கிய மொழியில் பதில் சொல்வான். 2013 விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என்று முதன்முறையாக ஒரு நாகரிகம் வந்தது. முழுத் துணைக்கண்டத்துக்கும் ஒன்று. அவர்கள் பேசியது ஹிந்தி. 2016இல் ‘ரைஸ் ஒஃப் த ராஜாஸ்’ என்ற பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், வந்தவர்கள் பர்மியர், கெமர், மலாயர், வியட்நாமியர்.

2022 ஏப்ரல் 28 அன்று ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ வந்தது. ஒற்றை ‘இந்தியர்’ உடைந்து ஹிந்துஸ்தானியர், குர்ஜரர், வங்காளிகள், திராவிடர் என்று நான்கானது. திராவிட வில்லேஜரைத் தொட்டால் தமிழ் கேட்கும். ஒரு கேம் தமிழ் பேச 22 வருடம் எடுத்திருக்கிறது.

அந்த ஏப்ரலில் இங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. 12ஆம் தேதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. காலிமுகத்திடலில் கூடாரங்கள். ஒரு டொலர் 300 ரூபாயைத் தாண்டியிருந்தது. பத்து டொலர் விரிவாக்கம் ஒன்றை வாங்குவது என்ற யோசனையே பகிடி. கரண்ட் எப்ப போகும் என்று அட்டவணை பார்த்து வாழ்ந்த நாட்கள். பட்டரியில் ஓடுகிற பழைய லெப்டொப்பில் 1999 பதிப்பைத்தான் விளையாடினோம். தமிழ் வந்துவிட்டது என்பதை யூடியூபில் கேட்டுத்தான் அறிந்தோம். கனபேருக்கு அது கைக்குக் கிடைத்தது ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, விலை குறைந்த பிறகு.

முதல் தடவை கேட்டபோது சந்தோசம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிறகு ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினோம்.

முதலில் பெயர். ‘திராவிட’ என்ற சொல் பழையது. ஆனாலும் இன்று நாங்கள் விளங்கிக்கொள்கிற அர்த்தத்தில் அது பரவியதில் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். பிறகு தமிழ்நாட்டில் அது ஒரு அரசியலின் பெயர். 11ஆம் நூற்றாண்டில் தன்னைத் ‘திராவிடன்’ என்று சொல்லிக்கொண்டு வாள் எடுத்த படைவீரன் ஒருவனைக் கல்வெட்டுகளில் தேடினால் களைத்துப்போவோம். சோழன், பாண்டியன், கன்னடன், தெலுங்கன் எல்லாரையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்ட ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. ‘இந்தியர்’ என்ற பெரிய சாக்கை அவிழ்த்து நான்கு சின்னச் சாக்கு ஆக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது உருக்கு. திராவிடருக்கு ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்று ஒரு சிறப்புத் தொழில்நுட்பம் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கினால் எதிரியின் கவசம் எங்கட வாளுக்கு முன்னால் பிரயோசனப்படாது. வூட்ஸ் என்பது தென்னிந்திய உருக்கு. அந்தச் சொல்லே எங்கட ‘உருக்கு’ என்ற சொல்லோடு உறவுள்ளது என்பார்கள். ஆனால் உருக்கின் கதை பாக்குநீரிணையோடு நிற்கவில்லை. சமனலவெவவில் மலைச்சரிவுகளில் பருவக்காற்றை நேரே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதை எழுதினார். ஊதுலைக்குத் துருத்தியே இல்லாமல் காற்றை வேலைக்கு வைத்த அந்த ஆட்களுக்குக் கேமில் இடமில்லை. இலங்கைக்கென்று ஒரு நாகரிகமும் அதில் இல்லை.

மூன்றாவதுதான் எங்களை நீண்டநேரம் கதைக்க வைத்தது. திராவிடருக்கான கதையின் நாயகன் ராஜேந்திர சோழன். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் என்ன செய்யும் என்று தெரியும். கடாரம், கங்கை, கப்பற்படை. ஆனால் நாங்கள் இலங்கையில் இருந்துகொண்டு விளையாடுகிறோம். 993இல் ராஜராஜனின் படை அனுராதபுரத்தை அழித்ததும், 1017இல் ராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனதும், அவன் திரும்பி வராமலே அங்கே செத்ததும் இந்தத் தீவில் ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு விதமாகப் படிக்கிற பாடங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அது பெருமை, இன்னொரு பள்ளிக்கூடத்தில் அது காயம். இரண்டு பக்கமும் அந்த 11ஆம் நூற்றாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து இன்றைய சண்டைக்கு வாதமாக வைத்தவர்கள் உண்டு. சிவப்பு நிறமும் நீல நிறமும் அடிபடுகிற ஒரு கேமில் அதைப் பார்த்தபோது, இந்தப் பாடத்தை நாங்கள் எல்லாரும் படித்த விதமே ஒரு கேம் மாதிரித்தான் இருந்திருக்கிறது என்று தோன்றியது. ஒரு ஆளுக்கு ஒரு நிறம். நிறம் மாறாது. மாறினால் அவன் எதிரி.

பொலன்னறுவைக்குப் போனவர்கள் வேளைக்காரர் கல்வெட்டைக் கண்டிருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தது. தமிழ்க் கல்வெட்டு. புத்தரின் தந்ததாதுக் கோவிலைக் காக்கிற பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகத் தமிழ்ப் படைவீரர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழரை 1070இல் துரத்திய விஜயபாகுவிடம் வேலை செய்த படை இது. அதே விஜயபாகு சோழருக்கு எதிராகக் கடல் கடந்து போகச் சொன்னபோது கலகம் செய்ததும் இதே வேளைக்காரர்தான் என்கிறது சூளவம்சம். இவர்களுக்கு என்ன நிறம் கொடுப்பது? கேமில் ஒரு துறவி மந்திரம் சொன்னால் எதிரி வீரன் சில நொடிகளில் நிறம் மாறி எங்கட ஆளாகிவிடுவான். பொலன்னறுவை வேளைக்காரருக்கு அந்த வசதி இருக்கவில்லை. இரண்டு நிறத்தையும் ஒன்றாகச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஒரு பழைய கேமில் 22 வருடம் கழித்து வந்து சேர்ந்த ஒரு சொருகல், எங்களை மறுபடி சூளவம்சத்தையும் கல்வெட்டையும் தேடி லைப்ரரிக்குப் போக வைத்தது. எக்ஸாமுக்குப் படித்தபோது வராத கேள்விகள் இவை.

திறப்பு யார் கையில்?

இப்படி ஒரு கேமை வாசிக்க வேண்டும் என்றால் அது கையில் கிடைக்க வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 வீதமானவை இன்று கடையில் நேர்வழியில் வாங்கக் கிடைக்காதவை. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் அதிர்ஷ்டசாலி. விசிறிகளும் இருந்தார்கள், கொம்பனிக்கு லாபமும் இருந்தது.

மற்றப் பக்கத்துக்கு ஒரு உதாரணம். யுபிசொஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘த க்ரூ’ என்ற கார் ஓட்டும் கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓடித்திரிய விரும்பியவருக்கும் சேர்வர் இல்லாமல் கேம் திறக்காது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் மிஞ்சியது வெறும் பெட்டி. அதன் பிறகுதான் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களின் கோரிக்கையில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. 1999 சீடிக்கு இருந்த சுதந்திரம் 2014 கேமுக்கு இல்லை. பேனையால் பெயர் எழுதிய அந்த சீடி இன்றும் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஓடும்.

1981இல் எரிந்த ஒரு நூலகத்தின் கதையோடு வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விசயமாகப் படாது. 2005இலிருந்து நூலகம் இணையத்தளக்காரர் பழைய பத்திரிகை, துண்டுப்பிரசுரம், பள்ளி மலர் என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி ஏற்றுகிறார்கள். ‘இதெல்லாம் எதுக்கு’ என்று கேட்கப்பட்ட தாள்களைத்தான் இன்று எங்கட டிசர்டேஷன்களில் நாங்கள் அடிக்குறிப்பாகப் போடுகிறோம். கேமையும் அந்த அலுமாரியில் வைக்க வேண்டும் என்பது எங்கட அபிப்பிராயம். ஒரு தலைமுறை உலகத்தை எப்படிக் கற்பனை செய்தது என்று பிறகு யாராவது தேடினால், அவர்களுக்கு நாவலும் சினிமாவும் மட்டும் போதாது.

இந்தக் கேமில் முதல் நாளிலிருந்தே ‘சினாரியோ எடிட்டர்’ ஒன்று இருக்கிறது. எவரும் தங்கட வரைபடத்தைத் தாங்களே செய்யலாம். எங்களில் நாலு பேர் சேர்ந்து மாதோட்டத் துறைமுகத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். திருக்கேதீச்சரம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். மாந்தையில் தோண்டியபோது சீன மட்பாண்டமும் மேற்காசிய மட்பாண்டமும் சேர்ந்தே வந்தன என்பதால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கப்பல் வர வேண்டும். துறைமுகத்துக்கு எந்த நிறம் என்பதில் இன்னும் சண்டை முடியவில்லை. ஒன்று மட்டும் கேமே முடிவு செய்துவிட்டது. 1999இலேயே எழுதி வைத்த விதி: வணிகக் கப்பல் தன் நிறத்துத் துறைமுகங்களுக்கிடையில் ஓடினால் ஒரு சதமும் வராது. இன்னொரு நிறத்தவரின் துறைமுகத்துக்குப் போய் வந்தால்தான் பொன். அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்குப் பொன் கூட.

வரைபடம் முடிந்ததும் இங்கேயே போடுவோம். உங்களிடம் பழைய சீடி இருந்தால் எறிய வேண்டாம்.